டீக்கன் கோலி போட்ட மார்க்

"சட்டையக் கழட்டுங்க, ஆம்ப்ரோஸ்" என்றாள் டாக்டர் மெக்கின்னன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீக்கன் ஆம்ப்ரோஸ் கோலி மடியிலிருந்த தாளில் முதல் வரிக்கு எதிரே பென்சிலால் பெரிய சுழியம் போட்டார். 'நோயாளியை மரியாதையாக அழைக்கிறாரா?' என்பது அந்த வரி.

ஹாலிஃபாக்ஸ் நகரில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். பிரஸ்டன் கறுப்பர் கிறிஸ்தவ சபையில் டீக்கன், அதாவது சபைப் பெரியவர்களில் ஒருவர். எழுபது வயதில், பேத்தி வயதுக்காரி பெயர் சொல்லி அழைக்க, அதைக் கேட்டுக்கொண்டு உட்காரும் குடும்பமல்ல கோலி குடும்பம்.

"மிஸ்டர் கோலி" என்றார். "பேர் சொல்லிக் கூப்பிட நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலயா படிச்சோம்?"

அவள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் கோலி."

சுழியத்தை அழித்துவிட்டு அரை மார்க் போட்டார்.

இதெல்லாம் அவர் மனைவி வெர்னாவின் ஏற்பாடு. போன ஞாயிறு மீன் வடை பொரித்துக்கொண்டே சேதியைச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில பொய் நோயாளி வேணுமாம். டாக்டருக்குப் படிக்கிறவங்க முன்னாடி நோய் வந்த மாதிரி நடிச்சு, அவங்க எப்படிப் பேசுறாங்கன்னு மார்க் போடணும். நம்ம ஜனங்க வலிக்குதுன்னா டாக்டருங்க நம்புறதில்லன்னு இப்பத்தான் அவங்களுக்கு உறைச்சிருக்கு."

"நடிப்பா? எங்க வம்சத்துல யாரும் வேஷம் கட்டினதில்ல."

"வேஷம் கட்ட வேணாம், டீக்கனய்யா. மார்க் போடுங்க. ஞாயித்துக்கிழமை ஆனா சபையையே திருத்துறீங்க. நாலு டாக்டரத் திருத்த மாட்டீங்களா?"

இது அவருக்குப் பிடித்திருந்தது. மார்க் போட வேண்டிய பத்து வரிகளும் வெர்னா கொடுத்த அச்சடித்த தாளில் இருந்தன. அவருடைய பாத்திரம் ஒரே வரி: 'நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று வரும் பெரியவர். மீதியைச் சொந்தமாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.'

கற்பனைக்கு அவர் சிரமப்படவில்லை. நாலு மாதமாகத் தேவாலயத்தில் பாடகர் மேடைக்குப் படியேறும்போதெல்லாம், மூன்றாம் படியில் அவர் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிறார்கள். வெர்னாவிடம் மூச்சு விடவில்லை. அவர் அப்பா விறகு பிளந்துகொண்டிருக்கும்போதே சாய்ந்தவர். கடைசி நொடி வரைக்கும் 'அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஊரே பெருமையாகப் பேசியது. அந்த மானத்தை இவர் கெடுப்பாரா? ஆனால் அதே வலியை இல்லாத ஒரு மனிதனுக்குக் கடன் கொடுத்தால் யாருக்கும் இழுக்கில்லை.

இன்று காலை கிளம்பும்போதுதான் கொஞ்சம் எரிச்சல். வீட்டுச் செருப்பைக் காணோம். நாய் தூக்கிப் போயிருக்கும் என்றாள் வெர்னா. மற்றபடி எல்லாம் ஒழுங்கு. வரவேற்பு மேசையில் சார்லீன் என்ற பெண் சுகாதார அட்டையைக்கூட வாங்கி எண் குறித்துக்கொண்டாள். நாடகத்தையும் எவ்வளவு கச்சிதமாக நடத்துகிறார்கள் என்று மெச்சிக்கொண்டே உள்ளே வந்திருந்தார்.

"என்ன தொந்தரவு?" என்றாள் டாக்டர்.

"இந்த ஆளுக்குப் படியேறினா நெஞ்சு பிடிக்குது."

"எந்த ஆளுக்கு?"

"நான்தான் இந்த ஆளு."

அவள் என்னவோ தட்டச்சு செய்தாள். "பாக்கத் திடமாத்தான் இருக்கீங்க. வாயுவா இருக்கும். பொதுவா உங்க ஆளுங்க வலியெல்லாம் நல்லாவே தாங்குவாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்று பாதி எழுந்தும்விட்டாள்.

சொந்த விஷயமாக இருந்தால், தப்பித்தோம் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். ஆனால் கையில் பென்சில் இருந்தது.

"உக்காருங்க" என்றார். பஸ்ஸில் கலாட்டா செய்யும் பள்ளிப் பிள்ளைகளை அடக்கிய அதே குரல். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஆளுங்க வலி தாங்குவாங்கன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? முதல்ல அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடுங்க. இப்படியே அனுப்பிச்சா இந்த ஆளு படியிலயே விழுந்து செத்துப் போவான். தாடை வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"தாடை வலிக்குதா?"

"வலிக்குது. இடது கையும்."

"எத்தன நாளா?"

"நாலு மாசமா."

"வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல. இந்த ஆளுக்குத் திமிரு ஜாஸ்தி."

பிரமாதமாக நடித்துவிட்டதாக அவருக்கே தோன்றியது. அங்கேதான் வந்தது வினை. அவள் முகம் மாறியது. நர்ஸை அழைத்தாள். நெஞ்சில் பத்து ஒயர்கள் ஏறின. அடுத்து ஊசி வந்தது.

"நடிப்புக்கு ரத்தம் எதுக்கும்மா?"

"நடிப்பா?" என்றாள் நர்ஸ்.

"நான் பொய் நோயாளி. நெஞ்சு வலியெல்லாம் சும்மா."

நர்ஸ் போய்ச் சொன்னாள். 'பயத்தில் நோயையே மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டு டாக்டர் இன்னும் இரண்டு பரிசோதனை சேர்த்தாள்.

டீக்கன் இறங்கி வந்தார். "சரி, நோயக் கொறச்சுக்கலாம். மூணாவது படிக்குப் பதிலா பதினஞ்சாவது படின்னு வச்சுக்குங்க."

"இதுல பேரம் கிடையாது, மிஸ்டர் கோலி."

டிரெட்மில் என்ற ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். நல்ல திடமான ஆள் என்று காட்டி இந்த நாடகத்தை முடித்துவிடலாம் என்று விறுவிறுவென நடந்தார். பட்டை மேட்டைப் போல உயர்ந்தது. மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கயிறு விழுந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தலைமுறையாக அடைத்துக் கிடந்த "அம்மா" என்ற வார்த்தை வெளியே வந்தேவிட்டது.

நாலு பேர் ஓடி வந்து கட்டிலில் கிடத்தினார்கள்.

வலி அடங்கியதும் டாக்டர் மெக்கின்னன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு இருக்கும்னு நினைக்கிறோம். இன்னிக்கே இங்க தங்கணும். நாளைக்குக் காலையில மெல்லிசான ஒரு குழாய உள்ள விட்டுப் பாத்து, அடைச்சிருந்தா திறந்து விடுவோம். ஆறு மாசம்னு சொன்னேனே, அது என் தப்பு. நீங்க என்னை அப்படியே விட்டிருக்கக் கூடாது, விடவும் இல்ல. இப்ப நான் சொன்னத உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க. உங்களச் சோதிக்க இல்ல. நான் புரியற மாதிரி சொன்னேனான்னு தெரியணும்."

தாளில் பத்தாவது வரி அதுதான். டீக்கன் படுத்தபடியே முழு மார்க் போட்டார்.

"இந்த ஆளோட இதயக் குழாய்ல அடைப்பு..." என்று தொடங்கியவர் நின்றார். கூரையைப் பார்த்தார். "என்னோட குழாய்ல" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

டாக்டர் அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

கையில் கட்டும் பெயர்ப்பட்டையோடு சார்லீன் வந்தாள். டீக்கன் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார்.

"இத உங்க பேராசிரியர்கிட்ட சேத்துடும்மா. பத்துக்கு எட்டு. ஆரம்பம் மோசம், போகப் போகத் தேறிடுச்சு அந்தப் பொண்ணு. நடிக்க வந்த எடத்துல நெஜ நோயே மாட்டிக்கிச்சு, அது அவங்க குத்தமில்ல." குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு உதவி. என் சம்சாரத்துக்கு இது தெரியக் கூடாது. பயந்துடுவா. நடிப்பு நாளைக்கும் நீடிக்குதுன்னு மட்டும் சொல்லிடு."

சார்லீன் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பட்டையை அவர் மணிக்கட்டில் சுற்றி, அவசரப்படாமல் ஒட்டினாள்.

"பேராசிரியரும் இல்ல, நடிப்பும் இல்ல, மிஸ்டர் கோலி, மூணு மாசமா வாராவாரம் போன் போட்டு உங்களுக்கு டாக்டரப் பாக்க இந்த நாள வாங்கினதே உங்க சம்சாரம்தான், உங்க பைஜாமாவையும் வீட்டுச் செருப்பையும் நேத்தே என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க."