அப்பாவின் முழங்கால் பற்றிய மேல்முறையீடு

கரோல் பாக், டெல்லி
16.12.1998

பெருமதிப்புக்குரிய கதிரவன் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் சிந்து வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும், உங்களோடு இருக்கும் என் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிரைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை, எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் அப்பாவும் நானும்.

அப்பாவின் ராணுவ ஊனப் பென்ஷன் மனு ஏன் தள்ளுபடி ஆனது என்று கேட்டிருந்தீர்கள். குற்றம் அரசாங்கத்தின் மேல் மட்டும் இல்லை மாமா. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து முழங்கால் உடைந்தவர் மெடிக்கல் போர்டுக்கு நொண்டிக்கொண்டுதானே போகணும்? அப்பா கைத்தடியை வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி மார்ச் பண்ணிப் போய், கர்னல் டாக்டருக்கு ஒரு சல்யூட் அடித்தார். "கைசே ஹோ, ஹவில்தார்?" என்று அவர் நலம் கேட்க, "ஏக்தம் டீக், சாப்!" என்றாராம் இவர், ஒரு குறையும் இல்லை ஐயா என்று. பதினைந்து சதவீத ஊனம் என்று எழுதிவிட்டார்கள். குறைந்தது இருபது இருந்தால்தான் பென்ஷன். "சாப் கேக்கும்போது வேற என்னடி சொல்றது?" என்று அப்பா என்னையே கேட்கிறார்.

மேல்முறையீட்டை அகராதி பார்த்து நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பா அன்று சொன்னது உண்மை அல்ல, மரியாதை என்று மூன்றாவது பத்தியில் விளக்கினேன். போர்டு மறுபடி கூப்பிட்டது. ஒரு மாதம் பயிற்சி. கீழ் வீட்டு பச்சைமுத்து அங்கிளும் பழைய பட்டாளத்துக்காரர், அவர்தான் டாக்டராக உட்காருவார், அப்பா எதிரே நிற்பார்.

"வலிக்குதாய்யா?"

"இல்ல... ம், கொஞ்சம்."

"கொஞ்சமா? ஜோதி, இப்படியே சொல்லிட்டிரு, உன்னை மறுபடி பார்டருக்கு அனுப்பிடுவாங்க!"

அப்பா அதைக் கேட்டு ஆசையாகச் சிரித்தார். அதுதான் எனக்குக் கவலை.

நேற்று போர்டு. கைத்தடியை நான் வாங்கவே இல்லை. டாக்டர் முழங்காலை மடக்கியபோது அப்பா வாயைத் திறக்கவில்லையாம், கண்ணில் மட்டும் தண்ணீர். என்ன என்று கேட்டதற்கு, "தூசி, சாப்" என்றாராம். டாக்டர் ரொம்ப நேரம் எழுதினாராம், என்ன எழுதினார் என்று தெரியாது. உத்தரவு வர மூன்று மாதம் ஆகுமாம்.

ஆகவே மாமா, பென்ஷன் வந்து இரண்டு அறை வீடு பிடிக்கும்வரை அம்மா அங்கேயே இருக்கட்டும். நாங்கள் இருக்கும் இந்த ஒற்றை மொட்டை மாடி அறைக்கு அம்மாவைக் கூட்டிவர அப்பாவுக்கு மனசில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது, மூன்று மாதம் பெரிதில்லை. எனக்குச் சப்பாத்தி வட்டமாகவே வருகிறது. லோதி ரோடு பள்ளிக்குத் தனியாக பஸ்ஸில் போகிறேன். தலை பின்னிக்கொள்கிறேன், வகிடுதான் நேராக வருவதில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
ஜோ. சிந்து, எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு

பி.கு.: மேலே உள்ளதை அப்பா படித்து, சரி என்று சொல்லிவிட்டு, உறை ஒட்டக் கோந்து வாங்கக் கீழே போயிருக்கிறார். படி இறங்கி ஏற அவருக்குக் கால் மணி நேரமாகும், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். அம்மா அங்கேயே இருக்கட்டும் என்பது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. அம்மா வரட்டுமா என்று அவரிடம் கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார். இந்த அறையில் மூன்று பேர் படுக்கலாம், பாய் விரித்து அளந்து பார்த்துவிட்டேன். உத்தரவு வரும்போது வரட்டும். அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு, எந்த ரயில் என்று மட்டும் பள்ளி விலாசத்துக்கு எழுதுங்கள் மாமா. அன்று லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே ஸ்டேஷனில் நிற்பேன்.