சத்து சாகாத பால்

ஒரு விஷயத்தைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டவன்தான் அதைப் பற்றி அதிகம் பேசுவான். ஏழு வருடங்களுக்கு முன்னால் எனக்குப் பாலைப் பற்றிச் சரியாகப் பாதி தெரிந்திருந்தது.

எல்லாம் செல்போனில் வந்த வீடியோக்கள் செய்த வேலை. பாக்கெட் பாலைச் சூடாக்குகிறார்கள், கொழுப்பை உடைத்துப் பொடியாக்குகிறார்கள், இதையே இருபது வருடம் குடித்தால் மூட்டிலிருந்து மூளை வரை போய்விடும் என்று ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பேசினார். நான் நம்பிவிட்டேன் (கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினால் எனக்கு யாரையும் நம்பத் தோன்றும்). செந்துறை ஆபீஸில் டீ கிளாஸும் கையுமாக இருந்த அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி, ஒருவரும் என் மேஜைப் பக்கம் வராதபடி செய்திருந்தேன்.

அந்த வைகாசியில் என் தங்கை செல்வி பெரம்பலூரில் புது வீடு கட்டிக் குடிபோக இருந்தாள். அவள் மாமியாருக்கு வாசல் வைத்த திசை பிடிக்கவில்லை. பால் நல்லபடியாகப் பொங்கினால் போங்கள், ஏதாவது கோணல் என்றால் பழைய வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் கூட்டுக் குடும்பத்தில் இருந்த செல்விக்கு அந்தப் பால் பொங்குவதில்தான் உயிரே இருந்தது.

பால் என் பொறுப்பு என்று நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் செந்துறையில் கறந்த பாலைத் தூக்குவாளியில் வாங்கி, அரியலூரில் பஸ் மாறி, பெரம்பலூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இப்போதே ஒரு கொதி விட்டு வைக்கலாம் என்றாள் செல்வி. காய்ச்சினால் சத்து செத்துவிடும் என்றேன். ஃப்ரிட்ஜிலாவது வைக்கலாமே என்றார் மச்சான். குளிரில் அது மயங்கிவிடும் என்றேன் (இது வீடியோவில்கூட இல்லை, என் சொந்தச் சரக்கு).

விடிகாலையில் பூஜை முடிந்து, புது அடுப்பில் புதுப் பாத்திரத்தை வைத்து, செல்வி பாலை ஊற்றிக் கும்பிட்டு நின்றாள். பால் பொங்கவில்லை. ஓரத்தில் முதலில் சுருங்கியது, பிறகு கட்டி கட்டியாகப் பிரிந்து தண்ணீர் தனியே நின்றது. செல்வியின் கண் நிரம்பிவிட்டது. அவளுடைய வீட்டை நானே கெடுத்துவிட்டேன்.

மாமியார் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நேத்தே காய்ச்சி வச்சீங்களா?"

"இல்லீங்க அத்தை. காய்ச்சுனா சத்து..."

"இந்த வெயில்ல பஸ்ஸுல குலுக்கிட்டு வந்து, ராவெல்லாம் பச்சையா வச்சா திரியாம என்ன பண்ணும்? இதுல வூடு என்ன பண்ணுச்சு, பாவம். கோணல் வூட்டுல இல்ல தம்பி, உங்ககிட்டதான். ஓடிப்போயி பாக்கெட் பால் வாங்கிட்டு வாங்க."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். நான் ஊரெல்லாம் திட்டித் தீர்த்த அந்தப் பால் நாலு பக்கமும் வழிந்து பொங்கியது. முதல் குலவை மாமியாருடையது. செல்வி அன்றே குடிபோனாள்.

பிற்பாடு ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். கிருமி சாகத்தான் பாலைச் சூடாக்குகிறார்கள், ஏடு தனியே மிதக்காமல் இருக்கத்தான் கொழுப்பை உடைக்கிறார்கள் என்றார். இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர், பச்சைப் பால் நாளைக்கே என்ன செய்யும் என்றும் யோசிக்கலாமே என்று சிரித்தார்.

இன்று எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் அதற்கு என் பெயர்தான், 'சேகர் பால்'. போன வாரம் செல்வியின் மாமியாரே போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி, இங்க பால் திரிஞ்சு போச்சு. நீங்க ஏதும் இந்தப் பக்கம் வந்துட்டுப் போனீங்களா?"