கைப்பிடிச் சித்தரும் மூன்று மஞ்சப்பைகளும்

திருநெல்வேலிக்காரர்களின் கஷ்டங்களுக்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மகளுக்கு வரன் அமையவில்லையா? பையன் கணக்கில் கோட்டை விட்டானா? மாமியார் ஊருக்குக் கிளம்பமாட்டேன் என்கிறாரா? எழுந்து போய் உங்கள் வீட்டு ஜன்னலைப் பாருங்கள். அதில் ஒரு கைப்பிடி இருக்கிறதே, அதுதான் குற்றவாளி. இத்தனை வருஷமாக நீங்கள் அதைப் பிடித்து இழுத்தீர்கள். அதுவும் சும்மா இருக்கவில்லை, உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

இது எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. கைப்பிடிச் சித்தர் வந்து சொன்னார்.

வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் பெயர் எழுதும் பலகையில் ‘சாளர வாஸ்து முகாம்’ என்று பூவால் எழுதியிருந்தார்கள். சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பே வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜன்னல் கைப்பிடி. சேரன்மகாதேவி பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் வீட்டிலிருந்த அத்தனையையும் கழற்றி பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொண்டுவந்திருந்தது. ஒரு வக்கீல் தன்னுடையதைக் கேஸ் கட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். மூடநம்பிக்கை என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் அவருக்கு இன்னும் மிச்சமிருந்தது.

எனக்கு அதுவும் இல்லை. தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, கோணல் முத்திரை விழுந்த கவரைக்கூட விடாமல் பிடித்தவன் நான். அப்படிப்பட்ட நான் என் சமையலறை ஜன்னல் கைப்பிடியைக் கழற்றி, துண்டில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றேன். இந்தக் கதையில் யாரையாவது முட்டாள் என்று நான் சொன்னால், என்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

சித்தரின் தத்துவம் ரொம்ப எளிமையானது. கைப்பிடியின் வளைவு கீழே பார்த்தால் செல்வம் வழிந்துவிடும். மேலே பார்த்தால் கண்ணேறு வந்து தேங்கும். பக்கவாட்டில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரன் வளர்வான். எந்தத் தோஷமும் இல்லாத கைப்பிடி உலகத்தில் ஒரே ஒரு வகைதான் இருந்தது. அது பஞ்சலோகத்தில் வார்த்து, சக்தி ஏற்றி, சித்தரின் பெட்டிக்குள் இருந்தது. ஒன்று மூவாயிரம் ரூபாய்.

சும்மா சொல்லிவிட்டால் படித்தவன் நம்புவானா? அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார். உங்கள் பழைய கைப்பிடியை இடது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்ட வேண்டும். சித்தர் இரண்டே விரலால் அமுக்குவார். கை பொத்தென்று கீழே விழும். அப்புறம் அவருடைய பஞ்சலோகக் கைப்பிடியைக் கொடுத்து அமுக்குவார். கை மரக்கிளை மாதிரி அசையாமல் நிற்கும். கூட்டம் கைதட்டும். ஒரு பெண்மணி அழுதேவிட்டாள்.

“ஏழு சுவர்களுக்கு அப்பால் ஒரு கைப்பிடி இருந்தாலும் அதன் குணத்தை இந்த விரல்கள் அறியும், பக்தர்களே!” என்பார் மைக்கில்.

எல்லோருக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துகாட்ட தினமும் மேடையில் கை நீட்டி நின்றவன் என் பக்கத்து வீட்டு சிவகணேஷ். சாதாரண ஆள் இல்லை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கட்டடவியல் பேராசிரியர். வீட்டுக்குக் காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்று வாரத்துக்கு நான்கு வகுப்பு எடுக்கிறவன். “பேராசிரியரே சொல்லிட்டாரு” என்று வரிசையில் பத்துப் பேராவது பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

சிவகணேஷ் மேடை ஏறிய கதை அவன் அப்பாவின் மூச்சில் தொடங்குகிறது. சிவசண்முகம் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற தாசில்தார். நான்கு வருஷமாக இழுப்பு. அவருடைய அறையில் மேற்கே பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. இரட்டைக் கதவு, உள்பக்கம் கம்பி, கதவுகள் வெளியே திறக்கும். அந்த ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் மனுஷன் மூச்சு வாங்குவார். இரண்டு கைப்பிடிகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு மகன் சித்தரிடம் போனான். கை விழுந்தது. சித்தர் கண்ணை மூடினார்.

“உன் தகப்பன் மூச்சை இந்தக் கைப்பிடிதான் வெளியே இழுக்கிறது!”

பரிகாரம்: எல்லோருடையதையும் போல அந்தக் கைப்பிடியையும் சித்தரே வாங்கிக்கொண்டு தாமிரபரணியில் விட்டுவிடுவார். இன்னொன்றையும் கழற்றி மூலையில் போட வேண்டும். புதுக் கைப்பிடிகளுக்குச் சக்தி ஏற்ற நாற்பத்தெட்டு நாள். அதுவரை ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டு, மஞ்சள் நூலால் கட்டிவைக்க வேண்டும். இடையில் நூல் அறுந்தால் வீட்டின் மூத்த ஆண் உயிரோடு இருக்கமாட்டான்.

கவனித்தீர்களா? மூச்சு முட்டுகிறவருக்கு வைத்தியம், ஜன்னலை அடைப்பது!

பதினேழாம் நாள் மத்தியானம், மண்டபத்து வரிசையிலிருந்து திரும்பும் வழியில் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அறை சூளையாகக் கொதித்தது. அண்ணாச்சி கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். காற்றோட்டமாக வையுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்குச் சாளர சாஸ்திரம் தெரியாது என்று பேராசிரியர் சொன்னாராம்.

“ஏலே கணேசா... அந்த ஜன்னல... கொஞ்சம் தொறலே” என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

“இன்னும் முப்பத்தோரு நாளுதான்ப்பா. பொறுத்துக்கிடுங்க” என்றான் மகன், வாஞ்சையோடு. அவன் கெட்டவன் இல்லை. அப்பா மேல் உள்ள பாசத்தாலேயே அவரைக் கொன்றுகொண்டிருந்தான்.

சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடி மண்டபத்துக்குக் கிளம்பியதும், அவன் அம்மா அன்னத்தாய் மூலையில் கிடந்த கைப்பிடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வாசலில் நின்ற என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, தெக்கு பஜார்ல இரும்புக் கடை வச்சிருக்காளே கலையரசி, அவகிட்ட என்னையக் கூட்டிட்டுப் போங்க. புதுசா ரெண்டு கைப்பிடி வாங்கி மாட்டிட்டு, தோஷம் போயிட்டுன்னு சொல்லிருதேன். நூலை அறுத்தா இவிய போயிருவாவன்னு கணேசன் சொல்லுதான். அறுக்காட்டியும் போயிருவாவ போல இருக்கு. நான் என்ன செய்ய?”

ஸ்கூட்டரில் போனோம். கலையரசிக்கு நாற்பது வயது இருக்கும். ஆணி, தாழ்ப்பாள், கொக்கி, கீல் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருந்த கடைக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி வேண்டும் என்றதும் கேள்விகளை அடுக்கினாள்.

“ரெண்டு துளைக்கும் நடுவுல எம்புட்டும்மா? அது சரியா இல்லன்னா புதுசா துளை போடணும், பழைய மரம் விண்டுரும். கதவு கனம் எவ்வளவு? கம்பிக்கும் கதவுக்கும் நடுவுல கை நுழையுமா? நுழையாட்டி விரல் நசுங்கும். தெசையெல்லாம் நான் கேக்க மாட்டேன்.”

அன்னத்தாய் முடிச்சை அவிழ்த்துக் கைப்பிடியை மேஜையில் வைத்தாள். கலையரசி அதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். மேஜையில் சிதறிய ஆணி பொறுக்கும் காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். காந்தம் ஒட்டாமல் நழுவி விழுந்தது.

“யம்மா, இது கெட்டிப் பித்தளை. உங்க பேரன் காலத்துக்கும் உழைக்கும். இதை எந்த மடையன் கழட்டச் சொன்னான்?”

சொன்னோம், வெளியே திறக்கும் அந்த ஜன்னல் பதினேழு நாளாக நூல் கட்டி அடைந்து கிடப்பதையும் சேர்த்து. என் கக்கத்தில் அன்று காலை மூவாயிரம் கொடுத்து வாங்கிய பஞ்சலோகக் கைப்பிடி இருந்தது. சமையலறைக்கு மட்டும் நாற்பத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டாமாம். அதையும் நீட்டினேன். அவள் திருப்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது.

“கூட ஒண்ணு கேக்கேன். தொறக்கதுக்குக் கைப்பிடி எதுக்கும்மா? உங்க ஜன்னல் வெளிய தொறக்குது. தாழ்ப்பாள எடுத்துட்டுப் பைய தள்ளுனாப் போதும். கைப்பிடி இழுத்து மூடத்தான்.”

“நூலு இருக்கே” என்றாள் அன்னத்தாய்.

கலையரசி ஸ்டூலை விட்டு எழுந்தாள். பிறகு ஒரே அளவில் மூன்று அட்டைப்பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எதையோ வைத்துப் பஞ்சைத் திணித்து, மூன்று மஞ்சப்பைகளில் போட்டுக் கட்டினாள். எதில் எது என்று எங்களுக்கும் சொல்லவில்லை. கடையை அடைத்தாள்.

மண்டபத்தில் சோதனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கலையரசி நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சாமி, ஏழு சுவர் தாண்டித் தெரியும்னு சொன்னியளாமே. இதுல மூணு பை இருக்கு. பிரிக்காம, எது தோஷம், எது உங்க சக்தின்னு சொல்லுவியளா?”

சித்தர் முகத்தில் ஒரு கணம் புன்னகை அறுந்தது. “தெய்வத்தைச் சோதிக்கலாகாது, மகளே.”

“தெய்வத்த இல்ல சாமி, கைப்பிடியத்தான்.”

கூட்டம் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கவிழ்த்தது. “சொல்லுங்க சாமி! அந்தப் பொம்பளைக்குப் புத்தி வரட்டும்!” என்று கைதட்டியது. தன் பக்தர்களிடம் மாட்டிக்கொண்ட சித்தரை அன்றுதான் பார்த்தேன்.

சிவகணேஷ் முதல் பையை இடது கையில் வாங்கி வலது கையை நீட்டினான். சித்தர் அமுக்கினார். கை விழுந்தது. “மரண தோஷம்!” இரண்டாவது பை. கை அசையவில்லை. “ஆகா! இது நான் சக்தி ஏற்றியது. என் விரல் சிலிர்க்கிறது!” மூன்றாவது பை. கை விழுந்தது. “சிறு தோஷம்.”

கலையரசி அன்னத்தாயை மேடைக்குக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னாள்.

மரண தோஷப் பெட்டிக்குள்ளிருந்து என்னுடைய மூவாயிரம் ரூபாய்ப் பஞ்சலோகக் கைப்பிடி வந்தது. சித்தரின் விரலைச் சிலிர்க்க வைத்த இரண்டாவது பெட்டிக்குள் உடன்குடிக் கருப்பட்டி ஒன்று இருந்தது. மூன்றாவதில் பழைய பித்தளைக் கைப்பிடி. அது மட்டும்தான் அவர் சொன்னதோடு ஒத்துப்போனது, அதுவும் குருட்டாம்போக்கில்.

“மஞ்சள் துணி... மஞ்சள் துணி சக்தியை மறைத்துவிட்டது” என்றார் சித்தர்.

“ஏழு சுவர் மறைக்காதத ஒரு மஞ்சப்பை மறைச்சிட்டோ?” என்றாள் கலையரசி. ஆணி பொறுக்கும் காந்தத்தைப் பஞ்சலோகத்தின் மேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. தலைகீழாகப் பிடித்தாள், விழவில்லை.

“இரும்பு. மேல தங்கக் கலர் பூச்சு. பத்து டஜன் என் கடையிலதான் வாங்குனிய, ஒண்ணு எண்பது ரூவான்னு. அப்பத் தாடி இல்ல, பேரு மாடக்கண்ணுன்னு சொன்னிய. சனங்க கொண்டாந்த கெட்டிப் பித்தளையெல்லாம் எந்த ஆத்துல விட்டிய அண்ணாச்சி? எந்தக் காயலாங்கடைப் பக்கமா ஓடுது அந்த ஆறு?”

“ஏட்டி, யாருட்டி நீ? வாயப் பொத்துட்டி!” என்று கத்தினார் சித்தர். இதுவரை மைக்கில் வழிந்த செந்தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை.

அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. சிவகணேஷ் பக்கம் திரும்பினாள். “சார், கைய நீட்டுங்க.” தோளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து அமுக்கினாள். கை அசையவில்லை. அதே விரலை மணிக்கட்டுக்கு நகர்த்தி அமுக்கினாள். கை பொத்தென்று விழுந்தது. “நான் எட்டாங் கிளாஸ் சார். சாமி பழசுக்கு மணிக்கட்டுல அமுக்குதாரு, அவரு விக்கதுக்குத் தோள்ல. கடப்பாரையால பெட்டி நெம்புனவளுக்கு இது தெரியும். நீங்க இத என்ன பேருல பாடம் நடத்துதிய?”

“நெம்புகோல்” என்றான் சிவகணேஷ். “முதல் வருஷம்... முதல் பாடம்.”

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்குள் மேடையை விட்டுக் குதித்து ஓடிக்கொண்டிருந்தான். சித்தரும் ஓடினார், ஆனால் வேறு திசையில். வாளிக் குடும்பம் அவரை வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டது. போலீஸ் வரும்வரை அவரைச் சுற்றிப் பலமான சாளர வாஸ்து நடந்தது.

நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் ஜன்னல் முன்னால் நின்றிருந்தான் சிவகணேஷ். கையில் கத்தரிக்கோல். ஆனால் வெட்டவில்லை. எல்லாம் பொய் என்று கண்ணால் பார்த்த பிறகும் அந்த ஒரு சாபம் அவனை விடவில்லை.

“அம்மா... ஒருவேளை...” என்றான்.

அன்னத்தாய் கத்தரிக்கோலை வாங்கவில்லை. கம்பிக்குள் கையை விட்டு நூலைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் பிய்த்தாள். தாழ்ப்பாளை எடுத்துக் கதவை ஒரு தள்ளு தள்ளினாள். மேற்கிலிருந்து வயல் காற்று உள்ளே வந்தது. அண்ணாச்சி நாற்காலிக்கு நகர்ந்து, கம்பியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். தோள் மெல்ல அடங்கியது. பதினேழு நாள் அந்த மனுஷனை அடைத்து வைத்திருந்தது ஒரு முழம் நூல். எனக்கு அழுகை வந்தது. அவமானமும் அதில் இருந்தது.

நெடுநேரம் கழித்து அவர் மகனைப் பார்த்தார். “ஏலே, நாளைக்குக் காலேஜ் போவியா?”

“போவேன்ப்பா.”

“போ. ஆனா பின் பெஞ்சுல போய் உக்காருலே.”

அன்று சாயங்காலம் அந்தப் பழைய பித்தளைக் கைப்பிடியைக் கலையரசியே வந்து மாட்டிவிட்டாள். துளை அளவு சரியாக இருக்கும் இன்னொன்றை ஜோடிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தீர்களானால் உங்களுக்குத் திருநெல்வேலி தெரியாது. மறுநாள் காலையில் கலையரசி கடை வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். நானும் பெருமையாகப் போய், “என்னய்யா, நல்ல கைப்பிடி வாங்க வந்தியளா?” என்று கேட்டேன்.

“இல்ல வே” என்றார் அந்த வக்கீல். குரலைத் தாழ்த்தினார். “நேத்து சாமி கையச் சிலிர்க்க வச்சுதே, அந்தக் கருப்பட்டி. அத ஜன்னல்ல கட்டுனா நல்லதாம்லா? எங்க கெடைக்கும்?”

ஐயா, அம்மா, ஜன்னலுக்குக் கைப்பிடியை உள்பக்கம்தான் வைப்பார்கள், உள்ளே இருப்பவர் பிடிப்பதற்காக. உங்கள் மூளைக்கும் அதே ஏற்பாடுதான். அதைக் கழற்றி ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, காற்று வரவில்லையே என்று அவனிடமே வரிசையில் நிற்காதீர்கள்.