பொம்மசந்திரா ஆன்சைட்

மனித உழைப்பை அடியோடு ஒழிப்பது என்று எங்கள் கம்பெனியில் இந்த 2005 ஜனவரியில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எலெக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டினால், பொம்மசந்திராவில் இருக்கும் வாடிக்கையாளரின் சர்வர்கள் எல்லாம் தாமே குப்பை கூட்டி, தாமே மூடி, தாமே திறந்துகொள்ள வேண்டும். அதற்கான பைத்தான் புரோகிராமை எழுதியவன் ரெமிஜியஸ். விவேக் நகர்ப் பையன், கெட்டிக்காரன். அவன் கம்ப்யூட்டரில் அது பிரமாதமாக ஓடியது. பொம்மசந்திராவுக்கு அனுப்பியதும், "இந்தப் பெயரில் லைப்ரரி இல்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும் சர்க்கரை மாதிரி, வேறு யாரோ எழுதிவைத்த துணைப் புரோகிராம்.

மேனேஜர் வெங்கடசாமி போர்க்கால நடவடிக்கை எடுத்தார். லைப்ரரி இல்லை என்று புகார் வந்திருப்பதால், ஆபீஸில் உள்ள சகல கம்ப்யூட்டர்களிலும் அதை ஏற்றச் சொல்லி உத்தரவு போட்டார். ரிசப்ஷனில் ஏற்றினோம். கேன்டீனில் டோக்கன் அடிக்கும் கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம். அதிலிருந்து அது தயிர்சாதத்துக்கு டோக்கன் கொடுப்பதில்லை. பொம்மசந்திரா பழைய பல்லவியையே பாடியது.

"சார், இல்லாதது அங்க. நாம போடறது இங்க," என்றாள் சிந்து. எங்கள் டீமில் புத்தி தெளிவாக இருப்பவள் அவள் ஒருத்திதான். "இங்கேர்ந்தே ஒரு வரி அடிச்சா அங்க ஏறிடும். ரெண்டு நிமிஷ வேலை."

"நோடம்மா, இங்க பாரு," என்றார் வெங்கடசாமி. "வாடிக்கையாளர் மெஷின்ல எது ஏத்தினாலும் ஆள் நேர்ல நின்னு ஏத்தணும். ரூல்."

"பொம்மசந்திரா இதோ இருக்கே சார். பஸ்ல போயிடலாம்."

"பஸ் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல. வாடிக்கையாளர் அமெரிக்கா. அவர் மெஷின் இருக்கற இடம் அவர் இடம். அவர் இடத்துக்குப் போனா அது ஆன்சைட்."

ஆபீஸே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆன்சைட் என்று வெளிநாடு போகாத இன்ஜினியருக்கு இந்த ஊரில் பெண் கிடைக்காது. ரெமிஜியஸ் எழுந்தே நின்றுவிட்டான். அவன் தெருவில் இருக்கும் வீணாவை அவனுக்கு உயிர். அவள் அப்பா ஓஸ்வால்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஆன்சைட் போனால் சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம், தவக்காலத்துக்குள் போகாவிட்டால் ஈஸ்டருக்கு ஒரு அமெரிக்கா மாப்பிள்ளை லீவில் வருகிறான்.

"ஆன்சைட்னு லெட்டர் தருவீங்களா சார்?"

"லெட்டர் உண்டு, லாட்ஜ் உண்டு. ஸ்வெட்டரும் உண்டு. ரூல்."

கேக் வெட்டி வழியனுப்பினோம். ஓஸ்வால்ட் எந்த நாடு என்று கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கடல் கடந்து செல்லும் சகோதரர் ரெமிஜியஸ் பத்திரமாகப் போய்ச் சேர எல்லோரும் மன்றாடினார்கள். திங்கட்கிழமை பெட்டியும் ஸ்வெட்டருமாக அவன் கம்பெனி காரில் பொம்மசந்திரா போய்ச் சேர்ந்தான். ஒரு வரி அடித்தான். லைப்ரரி ஏறியது. சர்வர்கள் குப்பை கூட்டின. டீ குடிக்க ரோட்டுக்கு வந்தான்.

டீக்கடை பெஞ்சில் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு வால்வு ஃபேக்டரியில் அவர் இருபது வருஷமாக ஃபிட்டர்.

"தம்பி, நீ ஆன்சைட்ல இல்ல?"

"இதான் அங்கிள் ஆன்சைட்." லெட்டரைக் காட்டினான். அவர் இரண்டு தரம் படித்தார்.

"அப்ப நான் இருபது வருஷமா ஆன்சைட்ல இருக்கேனா?"

"உங்களுக்கு லெட்டர் இல்லியே, அங்கிள்."

ஓஸ்வால்டுக்கு அந்த வித்தியாசம் புரிந்தது. "சரி, வேலை எப்படி?"

"முடிஞ்சிடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவேன்."

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "வர்றதாவது? தெரு பூரா சொல்லியாச்சு. பூசையில வேண்டியாச்சு. மறுநாளே நீ வந்து நின்னா என் மானம் என்னாகும்? மூணு ஓலையும் வாசிச்சு முடியற வரைக்கும் விவேக் நகர் பக்கம் தலை காட்டாதே."

"வேலை முடிஞ்சா கம்பெனி கூப்ட்டுக்குமே, அங்கிள்."

"அப்ப முடிக்காதே, மாப்ள."

மாப்ள என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அதற்கு மேல் ரெமிஜியஸ் என்ன செய்வான், பாவம். காலையில் லைப்ரரியை ஏற்றுகிறான். சாயங்காலம் இறக்கிவிட்டு லாட்ஜுக்குப் போகிறான். தினமும் காலையில் வேலைக்கு வரும்போது எங்களுக்கு லைப்ரரி இல்லை என்ற அதே ஒரு வரி வந்து காத்திருக்கிறது.

தானியங்கித் திட்டம் மகத்தான வெற்றி, ஆனால் பக்கத்தில் நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று வெங்கடசாமி அமெரிக்காவுக்கு எழுதினார். அமெரிக்கா பாராட்டி இரண்டு ஆள் கொடுத்தது. மனித உழைப்பை ஒழிக்கக் கிளம்பியதில் இதுவரை இரண்டு வேலை கூடியிருக்கிறது.

"இது ரெமிஜியஸ் வேலைதான்னு உனக்குத் தெரியும்ல?" என்று சிந்துவைக் கேட்டேன்.

"அந்த வரி மறுபடி வந்த அன்னிக்கே தெரியும்."

"சொல்லிடலாமா?"

"அந்த ரெண்டாவது ஆள் நான்தான்," என்றாள் அவள். "வீட்ல மாப்பிள்ளை பார்க்கறாங்க."

ரெமிஜியஸ் திரும்பி வந்ததும் அவன் இடத்துக்கு நான். ஸ்வெட்டருக்கு அளவு கொடுத்துவிட்டேன். பெண் வீட்டாரிடம் அம்மா எல்லாம் பேசி முடித்துவிட்டாள். எந்த நாடு என்று அவர்களும் கேட்கவில்லையாம்.