நீலப் புள்ளிகள் காரணமாகப் பிறந்தநாள் காபிக்கு வர இயலாமை பற்றி

குவோபியோ,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை காலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ராய்லி பெரியம்மாவுக்கு, ஆர்ட்டு வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால், பூனை, ஜன்னலோரச் செடிகள் எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். என் பக்கத்தில் அப்படிச் சொல்லும்படி எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் எழுபதாவது பிறந்தநாள் காபிக்கு என்னால் வர முடியாது. முறைப்படி ஏழு வகைப் பலகாரம் வைப்பீர்கள். ஏழையும் தொட்டாக வேண்டும். போன முறை பாதாம் கேக்கைத் தொடாமல் விட்ட பக்கத்து வீட்டுக்காரரை இன்னும் ‘அந்த மனுஷன்’ என்றுதான் சொல்கிறீர்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

காரணம் என் வாய்.

என் மேல்வரிசை முன்பற்களும் கீழ்வரிசையும் பிறந்ததிலிருந்து ஒன்றையொன்று சந்தித்ததில்லை. கீழ்த்தாடை தனியாக முன்னால் போய்விட்டது. ரொட்டியை நான் கடிப்பதில்லை, கிழிக்கிறேன். வசந்தத்தில் தாடை அறுவை சிகிச்சை. அதற்காகத்தான் இந்தப் பல் கம்பி. ஆனால் கம்பியைச் சுற்றிக் கிருமி பெருகினால் பல் அரிக்கும். பல் அரித்தால் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். கம்பி போனால் அறுவையும் போகும். நான் ஆயுள் முழுக்க ரொட்டியைக் கிழிக்கலாம். இதையெல்லாம் பல் மருத்துவமனையில் வாய்ச் சுத்தம் பார்க்கும் சிர்பா, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார். நாக்கில் ஒரு பட்டையை ஒற்றி எடுத்தார். அதை ஒரு குப்பியில் இட்டு, வெதுவெதுப்பில் இரண்டு நாள் வைத்து, பிறகு காட்டினார்.

“நீலமா இருக்கே, அதெல்லாம் என்ன?”

“நீங்க வளர்க்கிறதுதான்.”

“நிறைய இருக்கா?”

“எண்ண முடியல.”

இனிப்பு வாயில் படும் ஒவ்வொரு முறையும் இந்தக் கிருமிகள் அமிலம் கக்குமாம். ஆகவே இடையில் எதையும் கொறிக்கக் கூடாது. நான் வேலை செய்யும் நூலகத்தில் காலையில் காபி, மதியம் காபி, காபி என்றால் ஏலக்காய் பன், பன் இல்லாத நாளில் நாள்காட்டியில் யாருடைய பெயராவது வந்து அவருக்குப் பெயர்நாள், ஆகவே கேக். நான் வெறும் காபியோடு உட்கார்ந்தேன். எங்களுக்கெல்லாம் பன் சுட்டு வரும் சக ஊழியர் ஹன்னெலே பார்த்துவிட்டார்.

“ஏன் ஆர்ட்டு, என் பன் பிடிக்கலையா?”

“அதெல்லாம் இல்ல. வாயில கிருமி.”

மறுநாள் என் கோப்பை தனி அலமாரியில் இருந்தது.

பிறகு கொப்பளிக்கும் மருந்து. நாக்கு பழுப்பானது. ருசி போயிற்று. சால்மன் சூப்பும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒன்றாயின. பிறகு பிர்ச் மரச் சர்க்கரை மிட்டாய். அது கிருமிக்குப் பிடிக்காது, சாப்பாட்டுக்குப் பின் ஓரிரண்டு போதும் என்றார் சிர்பா. ஓரிரண்டு நல்லதென்றால் ஒரு பை இன்னும் நல்லது என்று நான் முடிவு செய்தேன். இது கலெவி மாமாவின் ஏரிக்கரை வீட்டில். சவுனாவின் நீராவியில் உட்கார்ந்திருக்கும்போது வயிறு பேச ஆரம்பித்தது. வெளிக் கக்கூஸ் பனிக்கு அந்தப் பக்கம். ஓடினேன். உள்ளே மாமா, செய்தித்தாளோடு.

“மாமா, சீக்கிரம் வாங்க!”

“ஏன்டா, சவுனா பத்திக்கிச்சா?”

“இல்ல. பிர்ச் மிட்டாய்.”

உள்ளே பக்கம் புரளும் சத்தம்.

“எத்தனை தின்ன?”

“முழுப் பை.”

“பட்டம் வேற வாங்கியிருக்க,” என்றார் மாமா. எழுந்திருக்கவில்லை.

பனியில் நான் துண்டுகூட இல்லாமல் நின்றேன். இதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

இரண்டாவது சோதனைக்குப் போனபோது பயம். மருத்துவமனைக் கழிப்பறையிலேயே மருந்தை ஊற்றி ஊற்றிக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பட்டையில் ஒரு புள்ளி இல்லை. நான் சிரித்தேன். சிர்பா சிரிக்கவில்லை.

“சோதனைக்கு முன்னாடி கொப்பளிச்சீங்களா?”

“கொஞ்சம்.”

“இது வாய் இல்ல, ஆபரேஷன் தியேட்டர். செல்லாது. இன்னொரு தடவை எடுப்போம். அதான் கடைசி.”

அந்தக் கடைசித் தடவை புதன்கிழமை நடந்தது. நேர்மையாகத் திறந்தேன் வாயை. இன்று பதில் வரும். என்ன பதில் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கம்பி முடிச்சுக்கும் அடியில் குட்டி பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம். யோசித்தால், என் வாயில் என்னைவிட உறுதியாக வாழ்கிறவர்கள் அந்தக் கிருமிகள்தான். எதற்கு இருக்கிறோம் என்ற கேள்வி அவர்களுக்கு இல்லை. பெருகுகிறார்கள். எனக்கு அது வரவில்லை.

இந்த நிலையில் உங்கள் மேஜைக்கு வந்து என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு பலகாரங்களைப் பார்ப்பதா?

உங்களுக்கு நீண்ட ஆயுளும் தேயாத பற்களும், சீக்கிரம் உருகும் பனியும் வாய்க்கட்டும். பூனைக்கு என் அன்பு.

தங்கள் தங்கை மகன்,
ஆர்ட்டு

பி.கு.: உறையை ஒட்டுமுன் சிர்பாவின் அழைப்பு. பட்டை கிட்டத்தட்ட வெள்ளையாம். “இப்பதான் இது மனுஷ வாய்,” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அதே குரலில், “தாடை டாக்டர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். காத்திருப்பு வரிசை திரும்ப முதல்லேர்ந்து. அடுத்த வருஷம் ஆகலாம். அதுவரை கம்பி இருக்கும், வாயும் இதே மாதிரி இருக்கணும்,” என்றார். “பெரியம்மா வீட்ல ஏழு வகை வைப்பாங்களே?” என்றேன். அதற்கும் அதே குரலில் பதில்: “ஒரே தடவையில உட்கார்ந்து சாப்பிடுங்க. அப்புறம் மூணு மணி நேரம் எதையும் கொறிக்காதீங்க. எழுந்து போய்த் துலக்குங்க.” ஆகவே வருகிறேன் பெரியம்மா. ஏழையும் வையுங்கள். கத்தி ஒன்றும் வேண்டும்; நான் இன்னும் ஒரு வருஷம் எதையும் கடிக்கப்போவதில்லை. தபால்தலை ஒட்டியாயிற்று, அதனால் மேலே எழுதியதையும் அனுப்புகிறேன். படிக்க வேண்டாம்.