சபூர் காக்காவின் நான்கு விநாடி

ஒரு பாட்டு எப்போதும் ஒரே இடத்தில் நின்று, நான்கு விநாடி கழித்துத் தொடருமானால், அந்த நிற்றல் பழுதா, பாட்டோடு சேர்ந்ததா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

இந்தக் கேள்வியைத் தந்தவர் எங்கள் பக்கத்துக் கடைத் தையல்காரர். கல்முனையில் அவசரமே அறியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையிலும் இல்லை. ஊருக்கு அவர் சபூர் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். உடுப்பு எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் "சபூர் செய்ங்க" என்பார். மையித்து வீட்டில் அழுகிறவர்களுக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லும் ஆறுதல் அது. அவர் அதைக் காற்சட்டைக்குச் சொல்வார்.

லெப்டொப்புக்கும் சொல்வார். மூத்த மகன் கட்டாரில் பாவித்துவிட்டு வீச எடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார். காலையில் அதை எழுப்பிவிட்டு, கடை கூட்டி, தண்ணீர் தெளித்து, தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது அது விழிக்கும். பாட்டுப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை வைக்கவில்லை. திரையில் இருந்த படம், மணிக்கூடு எல்லாவற்றையும் பாரம் என்று கழற்றிவிட்டார். பாட்டுகளையும் விடவில்லை. "இது கொழுத்த பாட்டு, இளைக்க வெச்சாத்தான் ஓடும்" என்று ஒவ்வொன்றையும் சுருக்கித்தான் ஏற்றுவார். மவுஸில் கை பட்டால் பாட்டு இடறும் என்பதால் அதன்மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தார். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்தும் விசையை அமத்துவார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கும்போது இங்கே பாட்டு நிற்கும்.

அதன் பெட்டரி செத்த நாளை எங்கள் ஒழுங்கை மறக்காது. காற்சட்டை வாங்க வந்த ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே காக்கா தனக்குத்தானே, "மவுத்தாப் போச்சி. சபூர் செய்யத்தான் வேணும்" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டே திரும்பிப் போய் நாலு பேருக்குச் சொன்னார். அரை மணித்தியாலத்தில், மையித்து வீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் கதிரைகள் கடை வாசலில் வந்து இறங்கின.

"எத்தின மணிக்கு அடக்கம்?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

காக்கா கொஞ்சம் யோசித்தார். "அடக்கத் தேவயில்ல. வயரக் குடுத்தா எழும்பும்."

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், என் மகன் பாடத் தொடங்கும் வரை.

நான் சமைக்கும் குசினிக்கும் அவர் கடைக்கும் ஒரே சுவர். மூன்று வயது ஆதில் அந்தச் சுவரோரம்தான் விளையாடுவான். அங்கே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடுவது ஒரு பழைய இஸ்லாமிய கீதம். "கருணை" என்ற இடத்தில் லெப்டொப் திணறி நிற்கும். தையல் மெசினும் நிற்கும், ஏனென்றால் காக்காவின் கால் பாட்டோடுதான் மிதிக்கும். நான்கு விநாடி. பிறகு "யாளனே" என்று பாட்டும் மெசினும் சேர்ந்து புறப்படும். ஒரு நாள் ஆதில் சோறு தின்றுகொண்டே "கருணை" என்று பாடினான். வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தான். நான் கரண்டியோடு நின்றேன். "யாளனே" என்றான்.

திக்குவாய் என்று முடிவு செய்தேன். கைப்பேசியில் வாசிக்க வாசிக்கப் பயம் கூடியது. கணவர் ஒன்றுமில்லை என்றார். எனக்கு அது போதவில்லை. மறுநாள் கடை வாசலில் போய் நின்றேன்.

"காக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்கட பாட்டக் கேட்டுத்தான் புள்ளைக்குத் திக்குது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். விசையை அமத்திப் பத்து நிமிடம் காத்திருக்கவும் இல்லை. லெப்டொப்பின் மூடியை அப்படியே மூடினார்.

"பச்சப்புள்ளட நாக்கவிடப் பாட்டு பெரிசில்ல, தங்கச்சி. நீங்க போங்க."

அவர் என்னைச் சபூர் செய்யச் சொல்லாத ஒரே நாள் அது.

அதன்பிறகு சுவருக்கு அப்பால் மெசின் சத்தம் மட்டும்தான். கவனித்துக் கேட்டேன். மெசின் ஓடும், நிற்கும், நான்கு விநாடி கழித்து மறுபடி ஓடும். மனதுக்குள் பாடிக்கொண்டுதான் தைத்தார். ஆதில் சுவரில் காதை வைத்து நிற்பான்.

மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸைப் பார்க்க முறை கிடைத்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். இடியப்பத்தில் தொடங்கி, வாப்பாவுக்கு மீன் முள் சிக்கியது வரை மூச்சுவிடாமல் சொன்னான். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். "கருணை" என்று நின்றான். மிஸ் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அவன் கையை உயர்த்தினான்.

"சபூர் செய்ங்க மிஸ். இப்ப வரும்."

பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, கேட்டதைக் கேட்டபடி படிக்கிறான் என்று மிஸ் சிரித்தார். எனக்கு நிம்மதி வந்தது. வெட்கமும் வந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் யோசித்து வைத்த வசனம் மறந்துவிட்டது. பாட்டைப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். காக்கா லாச்சியை இழுத்து, உறை பிரிக்காத ஒரு சிறிய பச்சைத் துண்டை எடுத்துக் காட்டினார். லெப்டொப்பின் வேகத்தைக் கூட்டுகிற துண்டு. கடையைப் பூட்டிவிட்டு, அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போய்த் தேடி வாங்கியிருக்கிறார்.

"இதப் போட்டா எங்கயும் நிக்காதாம். புள்ளைக்காகத்தான் வாங்கின. ஆனாப் போட மனம் வருதில்ல. நீங்க சொல்லுங்க தங்கச்சி, போடவா?"

அடுத்த மாதம் முன்பள்ளி விழாவில் ஆதில் அந்தக் கீதத்தைத்தான் பாடப் போகிறான். நடுவில் நின்றால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நிற்காமல் பாடப் பழக்கிவிட்டால், சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காத்திருக்கும் அந்த நான்கு விநாடி போய்விடும். இப்போது பாட்டு மறுபடி ஓடுகிறது. அந்த இடம் வந்தால் என் கரண்டியும் தானாக நிற்கிறது.

காக்காவிடம் சபூர் செய்யச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தத் துண்டைப் போடச் சொல்லவா, லாச்சிக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லவா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்.