முதியோர் குடியிருப்பில் தோற்றுப் போவது எப்படி

இந்த வீட்டை விட்டு என்னைக் கிளப்புவதானால் நாலு பேர் தூக்கித்தான் கிளப்ப வேண்டும் என்று சபதம் செய்திருந்தேன். நாலு பேர் தேவைப்படவில்லை. ஒருத்தியே போதுமானதாக இருந்தாள்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் என்ன? இறங்கினால்தானே ஏற வேண்டும். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், நான் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து தெருவைக் கண்காணித்து வருகிறேன். தெரு இதுவரை குறை சொன்னதில்லை. கடைக்கு, மருந்துக்கு, வங்கிக்கு என்று படி ஏறி இறங்குவது மனைவியின் இலாகா. முழங்கால் வலியும் அதே இலாகாவைச் சேர்ந்தது.

அந்த முழங்கால் ஒருநாள் பேச ஆரம்பித்தது.

"நாம ஒரு முதியோர் குடியிருப்பு பார்த்தா என்ன?"

"முதியோர் இல்லமா? எனக்கா?"

"இல்லம் இல்ல, குடியிருப்பு. இல்லம்னா பிள்ளைங்க கொண்டுபோய் விடுவாங்க. குடியிருப்புன்னா நாமளே பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறது."

"பெட்டியை யார் தூக்குறது?"

"அதுக்கு அங்க ஆள் இருக்கு. லிஃப்டும் இருக்கு."

வெளியூரில் இருக்கும் மகள் வீடியோவில் வந்து அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டாள். "சும்மா பார்த்துட்டு வாங்கப்பா. பார்க்கிறதுல என்ன தப்பு?" என் கல்யாணத்துக்கு முன்பும் இப்படித்தான் சொன்னார்கள்.

பார்க்கப் போனோம். முதல் இடத்தில், பெயரைக் கேட்பதற்கு முன்பே வாசலில் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கூடுதலாக இருக்கிறதாம். உள்ளே வரும்வரை சரியாகத்தான் இருந்தது என்றேன். இரண்டாவது இடத்தில் கட்டில், குளியலறை, நடை என்று எங்கு பார்த்தாலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. விளக்குக்கு என்று நினைத்து ஒன்றை இழுத்தேன். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அவ்வளவு தூரம் ஓடி வந்தவர்களை ஏமாற்ற மனமில்லாமல் கொஞ்ச நேரம் அதில் படுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது இடம்தான் ஆபத்தானது. மனைவிக்குப் பிடித்துவிட்டது. மரங்கள், அகலமான நடைபாதை, ஓசையில்லாத லிஃப்ட். அதில் அவள் காரணமே இல்லாமல் மேலே போய்க் கீழே வந்தாள்.

மேலாளர் அம்மாள் விதிகளைச் சொன்னார். "எடுத்தவுடனே யாரையும் சேர்க்க மாட்டோம். சனி, ஞாயிறு ரெண்டு நாள் இங்க தங்கணும். அப்புறம் இங்க இருக்கிறவங்க ஓட்டுப் போடுவாங்க. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் இடம்."

ஓட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் என் மூளையில் விளக்கு எரிந்தது. பிடித்தால்தானே இடம்? பிடிக்காமல் செய்துவிட்டால்? நான் மறுத்தால் அது வம்பு. அவர்களே மறுத்தால் அது விதி. மேலாளர் தொடர்ந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் திட்டத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை. மனைவி மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை போய் இறங்கினோம். பெட்டியைத் திறந்தால் மேலாகவே என் டிப்போ விசில்.

"இதை எதுக்கு எடுத்து வச்சே?"

"இருக்கட்டுமே. உங்களுக்குக் கை சும்மா இருக்காது."

எனக்குப் புரியவில்லை. வீட்டில் நான் இதை ஊதினால் கதவைச் சாத்திக்கொள்கிறவள்.

மதியச் சாப்பாடு சற்றுத் தாமதமாக வந்தது. எழுந்து நின்று விசில் ஊதினேன். ஒரு பெரியவர் கரண்டியைத் தவறவிட்டார். மனைவி முறைப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சூப் தண்ணியா இருக்குன்னு சொல்லப் போறேன்" என்று மெதுவாக மிரட்டிப் பார்த்தேன்.

"சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பின் மேஜைக்குக் கேட்காது."

சாயங்காலம் டிவி அறை. அங்கே கப்பலில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கேப்டன். ரிமோட் அவர் மடியில்தான் குடியிருக்கும். நான் அதை எடுத்துச் செய்தி வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர்.

"அவர் கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்றாள் மனைவி என் காதில்.

"உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்கு? நீங்க நீங்களா இருங்க. நாளைக்கு யாரும் நாம ஏமாத்திட்டோம்னு சொல்லக் கூடாது பாருங்க."

குழப்பத்தோடு படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சி வகுப்பின் வாசலில் நின்று, தாமதமாக வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் காரணம் கேட்டேன். தடியூன்றி வந்த ஒரு அம்மாளிடம் கூட இரக்கம் காட்டவில்லை. மனைவியோ அந்த நேரத்தில் ஒருத்திக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். கேப்டனின் புயல் கதையை முதல்முறை கேட்பவள் போலக் கேட்டாள். சீட்டாட்டத்தில் வேண்டுமென்றே தோற்றாள். பாவம், இவ்வளவும் வீணாகப் போகிறதே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

சாயங்காலம் ஓட்டு எண்ணி முடிந்ததும் மேலாளர் எங்களை அழைத்தார். "தப்பா நினைக்காதீங்க சார். உங்களுக்கு ஒரு ஓட்டுக்கூட விழல."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். "பரவாயில்லைங்க. குடுத்து வைக்கல."

"அம்மாவுக்கு எல்லா ஓட்டும் விழுந்திருக்கு."

"எந்த அம்மாவுக்கு?"

"உங்க வீட்டம்மாவுக்குத்தான். அன்னைக்கே சொன்னேனே சார், ஓட்டு ஆளாளுக்குத் தனித்தனின்னு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அறைச் சாவியை ஏற்கெனவே கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"நீங்க போங்க. நீங்க நினைச்சபடி உங்களுக்கு வீடு. எனக்கு லிஃப்ட்."

"தனியா எப்படி இருப்பே?"

"தனியா எங்க? இவ்வளவு பேர் இருக்காங்களே. நீங்க மறக்காம பால் வாங்கிட்டுப் போங்க."

பால் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி அவ்வளவு உயரத்தில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டைத் திறந்தால், என் வீடுதான், ஆனால் எந்தப் பொருளும் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை. போன் போட்டேன்.

"உப்பு எங்க இருக்கு?"

"டீத்தூள்னு எழுதின டப்பாவுல."

"அப்ப டீத்தூள்?"

"அது பழைய பிஸ்கட் டப்பாவுல... இருங்க, அப்புறம் பேசறேன். கேப்டன் சீட்டுப் போட்டுட்டார்."

பால்கனியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்து மதிலில் இடித்தார். கண்கொள்ளாக் காட்சி. "இங்க வந்து பாரு" என்று உள்ளே திரும்பிச் சொன்னேன். குளிர்சாதனப் பெட்டி மட்டும் லேசாக உறுமியது. தெருவைக் கண்காணிப்பது பெரிதல்ல, அறிக்கை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் மேலாளர் முன்னால் நின்றேன்.

"ஒரே ஒரு வழி இருக்கு சார்" என்றார். "இங்க குடியிருக்கிறவங்க யாராவது தன் பொறுப்புல ஒருத்தரை வச்சுக்கலாம். உங்க மேல புகார் வந்தா அவங்ககிட்டதான் போகும். அவங்க வேணாம்னு சொன்னா அன்னைக்கே கிளம்பணும்."

மனைவியிடம் போனேன். யோசித்தாள். ஒரு மனைவி அவ்வளவு நேரம் யோசிக்கக் கூடாது.

"விசில்?"

"குடுத்துடறேன்."

"ரிமோட்?"

"கேப்டனுக்கே."

"கடைக்கு, மருந்துக்கு?"

"இனிமே நான்தான் போவேன்." சற்று நிறுத்திக் கேட்டேன், "இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மேலாளரம்மா சொல்லும்போது நீங்களும் பக்கத்து நாற்காலியிலதானே இருந்தீங்க?"

மிச்சச் சாமான்களை எடுக்க இருவருமாகப் போய் வீட்டைப் பூட்டினோம். பெட்டியைத் தூக்க ஆள் வருவார் என்று காத்திருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். தூக்கினேன்.

நேற்று எங்கள் அறைக் கதவில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். மேலே கொட்டை எழுத்தில் என் மனைவியின் பெயர். கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில், "மற்றும் ஒருவர்."